உக்கிப்போகும் தாள்

மெல்லிய பொலித்தீனுக்குத் தடை வந்த வருஷம், மாத்தளை ரத்தோட்டை வீதியில் மசாலா மில் வைத்திருந்த லாபிர் ஹாஜியார் கொழும்பிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்குக் கூட்டிவந்தார். அவள் பெயர் தங்கேஸ்வரி. கொழும்பில் ஒரு காகிதக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவள். ஹாஜியாருக்கு அந்தக் கம்பனியில் அட்டைப்பெட்டி வாங்கிப் பழக்கம். மிளகுத்தூளைப் போட்டுவைக்கப் பொலித்தீன் இல்லாத ஏதாவது ஒரு பக்கற் செய்யமுடியுமா என்று அங்கே கேட்கப் போனபோது, மனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "செய்யத் தெரிந்த ஆள் ஒருத்தி இருக்கிறாள். வேண்டுமானால் கூட்டிப்போங்கள். இங்கே வைத்திருக்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னார்.

பயத்துக்குக் காரணம் தங்கேஸ்வரியின் கணவர் விஜயரத்தினம். அச்சகமொன்றில் எழுத்துப்பிழை பார்ப்பவர். வெள்ளவத்தையில் ஒரு பின்னேரம் தலையிடிக் குளிசை வாங்கக் கடைக்குப் போனவரை ஒழுங்கை முனையில் வைத்து யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தலையிடி தங்கேஸ்வரிக்குத்தான். அவள் ஏறாத பொலிஸ் நிலையமில்லை. போன இடமெல்லாம் அவர்கள் கேட்டார்கள், இவள் சொன்னாள், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு அழுகையும் வராமல் போயிற்று. பசி வந்தால் சாப்பிட்டாள். பஸ் வந்தால் ஏறினாள். மாத்தளைக்கு வருகிறீர்களா என்று ஹாஜியார் கேட்டபோது, ஓம் என்றாள். எங்கே தங்குவது, என்ன சம்பளம் என்று ஒன்றும் கேட்கவில்லை.

ஹாஜியாரின் விதவைச் சகோதரி மஸூதா தன் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தாள். மில்லுக்குப் பின்னால் சாதிக்காய் எண்ணெய் வடித்த பழைய கொட்டில் ஒன்று இருந்தது. அதைத் தங்கேஸ்வரிக்குத் துப்புரவாக்கிக் கொடுத்தார்கள். உதவிக்கு வேலம்மா என்று ஒருத்தி. ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். கொழுந்து பறித்தவள். தோளெலும்பு இறங்கிய பிறகு கூடை சுமக்க முடியாமல் மில்லுக்கு வந்துவிட்டாள். வாய் ஓயாது.

"மிஸ், இந்த வெறகையெல்லாம் அவிச்சு என்னாங்க செய்யப்போறோம்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"தாள்."

"தாளா? அதுக்குக் கடதாசியையே வாங்கிடலாமே?"

"கடதாசியில மிளகுத்தூள் கட்டினா மழைக்காலத்தில பூஞ்சணம் பிடிக்கும். பிடிக்காத மாதிரி ஒண்டு வேணும். ஆனா குப்பையில எறிஞ்சா அது உக்கிப்போகவும் வேணும்."

வேலம்மா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டும் ஒன்னுலயே எப்பிடிங்க நடக்கும்?"

"அதுதான் தெரியேல்லை," என்றாள் தங்கேஸ்வரி.

மிளகுக்கொடி படர நட்டிருக்கும் கிளிரிசீடியா மரங்களை வருஷத்தில் இரண்டு தரம் கவ்வாத்து வெட்டுவார்கள். அந்தத் தடிகள் மாத்தளையில் தெருவுக்குத் தெரு கிடக்கும். பட்டை உரித்த கறுவாத் தடியும் அப்படித்தான். விறகாகப் போகிற இந்த இரண்டையும் சிறு துண்டுகளாகக் கொத்தி, கோஸ்டிக் சோடா போட்டு, எண்ணெய் வடித்த பெரிய செப்புப் பாத்திரத்துக்குப் பதிலாக இரும்புப் பீப்பாயில் அவித்தார்கள். அவிந்ததைக் கழுவி, உலக்கையால் இடித்து, கூழாக்கி, நுளம்பு வலை கட்டிய சட்டத்தில் வார்த்து, பிழிந்து காயவைத்தால் தவிட்டு நிறத்தில் ஒரு தாள் வந்தது. முதலில் வந்தவை பப்படம்போல நொறுங்கின. பிறகு வந்தவை மடிக்க இசைந்தன. ஒரு பக்கத்தில் தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கிப் பூசியபோது, அந்தத் தாளில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது.

ஹாஜியார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாஷா அல்லாஹ்! தங்கச்சி, இது சரிவந்திட்டுது!"

"பாதிதான் சரி," என்றாள் அவள். "தண்ணி போகாட்டி உக்காது."

அதற்குத்தான் குழிகள். மில்லின் பின்வளவில், சாதிக்காய் மரங்களுக்குக் கீழே எங்கே தோண்டலாம் என்று ஹாஜியாரே நடந்து காட்டினார். மெழுகு கூடியது, குறைந்தது, குங்கிலியம் இல்லாதது, ஒன்றும் பூசாதது என்று விதம்விதமாகச் செய்த பக்கற்றுகளை வேலம்மா முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தாள். ஒவ்வொரு குழிக்கும் இலக்கம் எழுதிய ஒரு தடி. கடைசிக் குழியில் மில்லின் பழைய பொலித்தீன் பக்கற் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க. மாதத்துக்கொரு தரம் வரிசையில் சிலதைத் தோண்டி எடுத்துப் பார்ப்பதும், மிச்சத்தை விட்டுவைப்பதும் தங்கேஸ்வரியின் வேலையாக இருந்தது. எது எவ்வளவு கரைந்தது, எது கரையவில்லை என்று குந்தியிருந்து பார்ப்பாள். சிலவேளை பார்க்க ஒன்றும் இருக்காது. ஈர மண்ணை விரலால் கிளறிவிட்டு எழுந்து கையைக் கழுவிக்கொள்வாள்.

"மிஸ்ஸுக்கு இதுல ஒரு சந்தோசமும் வரமாட்டேங்குதே," என்று வேலம்மா ஒருநாள் சொன்னாள். "நான் பொதச்சது காணாமப்போச்சேன்னு எனக்கே ஆடணும்போல இருக்கு."

"நல்லம்தான்," என்றாள் தங்கேஸ்வரி. நல்லம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

அடுத்த வருஷம் தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு மாத்தளைக்கு வரும் வீதியெல்லாம் சோதனை. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருந்தவர்களைத் தனியாக நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த தங்கேஸ்வரி நிறுத்திய இடத்தில் நின்றாள், போகச் சொன்னபோது போனாள்.

ஒரு சனிக்கிழமை காலை மில்லுக்கு முன்னால் பொலிஸ் ஜீப்பும் ஆமி ட்ரக்கும் வந்து நின்றன. யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண் பின்வளவில் எதையோ புதைக்கிறாள், இலக்கம் போட்டு அடையாளம் வைக்கிறாள், கொட்டிலில் பீப்பாயில் ஏதோ அவிக்கிறாள் என்று. சொன்னவர் யாராக இருந்தாலும் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் அப்படியே நடந்ததுதான்.

இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், மெதுவாகப் பேசினார். "இங்கே என்ன இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பக்கற்றுகள்," என்று தங்கேஸ்வரியும் சிங்களத்தில் சொன்னாள்.

"பக்கற்றுக்குள்?"

"ஒன்றுமில்லை. வெறும் பக்கற்."

ஆமிக்காரர் எல்லோரையும் தள்ளிப்போகச் சொன்னார்கள். ஒரு கருவியால் நிலத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மண்வெட்டியால் மெல்ல மெல்லத் தோண்டினார்கள். முதல் குழியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கறுப்பாகச் சேறுபோல ஒரு பிடி. மூன்றாவதில் மெழுகின் பிசிறு மட்டும். நாலாவதில் மறுபடி ஒன்றும் இல்லை. தோண்டிய பொடியன் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கையை விரித்தான்.

"இதில் இருந்ததை எடுத்து எங்கே வைத்தாய்?"

"எடுக்கவில்லை. உக்கிவிட்டது."

"உக்கிவிட்டது என்றால்?"

"மண்ணாகிவிட்டது. அப்படி ஆகவேண்டும் என்றுதான் புதைத்தோம்."

இன்ஸ்பெக்டர் அவளைக் கூர்ந்து பார்த்தார். ஏதாவது இருந்திருந்தால் அவர் நம்பியிருப்பார். வெறும் குழியை இவ்வளவு ஒழுங்காக வரிசைப்படுத்தி அடையாளம் வைக்கும் ஆளை அவர் கண்டதில்லை.

"பொதச்சது நான்தாங்க ஐயா!" என்று வேலம்மா தூரத்திலிருந்து கத்தினாள். "என் கையாலதாங்க! மிளகு பக்கற்றுங்க அது!" ஒரு பொலிஸ்காரர் அவளைப் பின்னால் தள்ளினார்.

கடைசிக் குழியில் பொலித்தீன் பக்கற் வந்தது. மண்ணைத் தட்டியதும் 'லாபிர் ஸ்பைஸஸ்' என்ற சிவப்பு எழுத்துப் பளிச்சென்று தெரிந்தது. அதை இன்ஸ்பெக்டர் ஹாஜியாரிடம் நீட்டினார்.

"உங்களுடையதுதானே? இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்து நடக்கிறதா?"

ஹாஜியாரின் முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவருக்குப் பின்னால் மில், மில்லுக்குள் இருபது பேர், வீட்டில் கலியாணத்துக்கு நிற்கும் இரண்டு மகள்மார். "பக்கற் செய்யச் சொன்னது நான்தான் மாத்தயா," என்றார். "புதைக்கிறதைப் பற்றி எனக்குத் தெரியாது."

தங்கேஸ்வரி அவர் பக்கம் திரும்பவில்லை. தோண்டிக் குவித்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் குழியை இன்னும் இரண்டு மாதம் திறந்திருக்கக் கூடாது. அதில்தான் மெழுகும் குங்கிலியமும் பாதிப்பாதி. அதன் கணக்குப் போய்விட்டது.

முதலில் அவளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் வைத்துக் கேட்டார்கள்.

"கணவர் எங்கே?"

"தெரியாது."

"கடைசியாக எப்போது கண்டாய்?"

சொன்னாள்.

"எங்கே போனார்?"

"குளிசை வாங்க."

"யார் கூட்டிப்போனார்கள்?"

"அதைத்தான் நான் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் பேனையை நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்விக்குப் போனார்.

பிறகு கண்டிப் பக்கம் ஒரு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்னும் பல பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி வவுனியாவிலிருந்து ஆசுபத்திரிக்கு வந்தவள், இன்னொருத்தி வீட்டு வேலைக்கு நின்றவள். இரவில் அவர்கள் அழுதபோது தங்கேஸ்வரி எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். தன்னை ஏன் ஒருவராலும் அழவைக்க முடியவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. அடித்தபோதுகூட, அடி தன்னிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கேயோ விழுவதுபோல இருந்தது. கொட்டிலில் எடுத்த கூழையும் தாளையும் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை இருக்கவேண்டும் என்றார்கள். அவள் சுவரோடு சாய்ந்திருந்து தாளைப் பற்றி யோசித்தாள். கடைத் தட்டில் மாதக்கணக்கில் நிற்கவேண்டும், குப்பையில் கிடந்தால் கரையவேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கேட்கிறோம். ஒன்றை விட்டுவிட்டால்? நிற்கவே வேண்டாம், கரைந்தால் போதும் என்கிற இடம் எங்கேயாவது இருக்கிறதா? அது நாற்றுமேடை. மிளகுக் கன்றைப் பொலித்தீன் பையில்தான் வளர்க்கிறார்கள். நடும்போது பையைக் கிழித்து எறிகிறார்கள், மலைச்சரிவெல்லாம் அது கிடக்கிறது. தாளைச் சாடிபோல மடித்துக் கொடுத்தால் கன்றைச் சாடியோடேயே நட்டுவிடலாம். மெழுகு வேண்டாம், குங்கிலியம் வேண்டாம். பக்கத்தில் படுத்திருந்த வவுனியாப் பெண் கேட்டாள், "அக்கா, என்ன யோசிக்கிறியள்? வீட்டையோ?"

"இல்லைப் பிள்ளை. மிளகுக் கன்று."

பெண் ஒன்றும் விளங்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பரிசோதனை முடிவு மழைக்காலம் தொடங்கியபிறகு வந்தது. மரம். வேறொன்றுமில்லை. விடுவித்தவர் அதைச் சொன்னபோது, அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. தன் மாதிரிகளைத் திருப்பித் தரமுடியுமா என்று தங்கேஸ்வரி கேட்டாள். கெட்டு மணத்தபடியால் எறிந்துவிட்டோம் என்றார்கள். பொலித்தீன் பக்கற் மட்டும் பத்திரமாக இருந்தது. அதை அவள் வேண்டாமென்று விட்டுவிட்டு வந்தாள்.

மில்லில் இப்போது சட்டம் அனுமதித்த தடித்த பொலித்தீன் வந்திருந்தது. பெண்கள் அதை மெழுகுதிரியில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வேலம்மாவும் அதில் ஒருத்தி. தங்கேஸ்வரியைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹாஜியார் தங்கேஸ்வரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது..."

"நீங்கள் தெரியுமெண்டு சொல்லியிருந்தாலும் என்னைக் கொண்டுபோயிருப்பினம்," என்றாள் அவள். "உங்களையும் சேர்த்து."

"அதுக்காக நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடா. மஸூதா இன்னும் என்னோட பேசுறல்ல."

மன்னிப்பதற்கும் கோபிப்பதற்கும் உள்ளே ஏதாவது அசையவேண்டும். அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. "கோஸ்டிக் சோடா இனி வேண்டாம்," என்றாள். "சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் போதும். தாள் முரடாகத்தான் வரும். பக்கற்றுக்கு உதவாது. நாற்றுச் சாடிக்கு உதவும். செய்யவோ?"

ஹாஜியார் எழுந்துவிட்டார். "செய்யுங்க. புதைக்கிற எண்டாலும் புதைங்க. இந்தத் தடவ நான் போய் பொலிஸ்ல முன்கூட்டியே சொல்லிப்போட்டு வாரன்." அப்படியே போய்ச் சொல்லியும் வந்தார்.

சுண்ணாம்பில் அவிக்க நேரம் கூடப் போயிற்று. கூழ் கட்டிகட்டியாக வந்தது. முதலில் செய்த சாடிகள் தண்ணீர் ஊற்றியதும் பக்கவாட்டில் பிளந்து கன்றோடு சாய்ந்தன. கூழை ஒன்றுக்கு இரண்டாக வார்த்து, அடியைக் கஞ்சிப் பசையால் ஒட்டிய பிறகு நின்றன. மூன்று மாதம் நிற்கவேண்டும், அதற்குள் வேர் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். வேலம்மா தன் லயத்துக்குப் பக்கத்திலேயே சிலதை நட்டுப் பார்த்து, வேர் தாளைத் துளைத்து வெளியே வந்திருப்பதைக் கன்றோடு பிடுங்கிக் கொண்டுவந்து காட்டினாள். மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் மிளகு நாற்றுமேடை வைத்திருந்த ஒருவர் முதல்முதலாக ஒரு லொறிச் சாடி கேட்டார்.

அந்த லொறியை ஏற்றிக்கொண்டு அவர்கள் போன நாள், 2009 மே மாதத்தில், போர் முடிந்துவிட்டதென்று நாடு முழுவதும் கொண்டாடிக்கொண்டிருந்த நாள். ஹாஜியார் போகவேண்டாம் என்றுதான் பார்த்தார். ஆனால் அடுக்கிய சாடிகள் மழையில் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுவிடும், நாற்றுமேடைக்காரர் தண்டுகளை வெட்டிவைத்துக் காத்திருந்தார். ஹாஜியாரே ஓட்டினார். பக்கத்தில் வேலம்மா, கதவோரம் தங்கேஸ்வரி. ஏ ஒன்பது வீதி நெடுகக் கொடி. சந்திக்குச் சந்தி வெடி. மோட்டார்சைக்கிள்களில் பொடியன்கள் கத்திக்கொண்டு போனார்கள்.

நாலந்தாவுக்குக் கிட்ட வீதியின் குறுக்கே மேசை போட்டு வாகனங்களை மறித்தார்கள். ஒரு பொடியன் சிரித்த முகத்தோடு ஜன்னலுக்குள் வாழையிலைத் துண்டில் பாற்சோற்றை நீட்டினான். வேலம்மாவின் கை மடியிலேயே இருந்தது. ஹாஜியார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தார். தங்கேஸ்வரி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். "ஸ்துதி," என்று சிங்களத்தில் நன்றி சொன்னாள். பொடியன் லொறியைத் தட்டி வழிவிட்டான்.

அவள் பாற்சோற்றை மூன்றாகப் பிய்த்து இருவருக்கும் கொடுத்துவிட்டுத் தன் பங்கைச் சாப்பிட்டாள். இன்னும் சூடாக இருந்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு, வெளியே பார்த்தபடியே அவள் கேட்டாள்:

"இனிமேல் கொண்டுபோன ஆக்களை விடுவினமோ?"

இரண்டு வருஷத்தில் அவள் தன் கணவர் விஷயமாக அவர்களிடம் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. வேலம்மா சட்டென்று முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"விடுவாங்க தங்கச்சி," என்றார் ஹாஜியார். "முடிஞ்சிட்டுதுதானே. இனி வெச்சிக்கிட்டு என்ன செய்ற? விடுவாங்க."

அவர் அதை நம்பிச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் சொன்னார். தலையை ஆட்டினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்றுமேடையில் பெண்கள் காத்திருந்தார்கள். சாடிகளைக் கைக்குக் கை மாற்றி இறக்கினார்கள். வானம் இருண்டுகொண்டு வந்தது. சாடிகளுக்கு மண் நிரப்பி, மிளகுத் தண்டுகளை ஊன்றி, நிழல்பந்தலின் கீழ் வரிசையாக வைக்கத் தொடங்கினார்கள். தங்கேஸ்வரியும் சேலையைச் சொருகிக்கொண்டு கீழே குந்தினாள்.

"அக்கா, எவ்வளவு மண் போடுறது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"விளிம்புக்கு ஒரு விரல் விட்டுப் போடுங்கோ," என்றாள் அவள். "தண்ணி நிக்க இடம் வேணும்."